மேஜர் ஜெயமணியின் வார்டில் பொய் கிடையாது

சென்ற வியாழக்கிழமை காலை, அவிநாசியில் என் மருந்துக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சாமுவேல் போன் செய்தார். இரண்டு மாதமாக என்னோடு பேசாதவர். எடுத்ததுமே, "அத்தை போயிட்டாங்கண்ணா. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம், வந்துருங்க" என்றார். சரிங்க என்றேன். பாதி தூக்கிய ஷட்டரை இழுத்துவிட்டுக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாமுவேலின் அத்தை என்றால் நம் மேஜர் ஜெயமணி. ராணுவ மருத்துவமனைகளில் ஆயுள் முழுக்க நர்ஸாக இருந்து, ஓய்வுக்குப் பின் சரவணம்பட்டியில் அண்ணன் மகன் வீட்டில் இருந்தவர். நான் அவருக்குக் கீழே நர்சிங் உதவியாளனாக வேலை பார்த்த ஹவில்தார் பழனிசாமி. அவரோடு வேலை செய்தவர்களும் அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். நம் முன்னாள் படைவீரர் சங்க மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லது எழுத எனக்கென்ன கஷ்டம்? ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் அவரே எழுந்து வந்து என் காதைத் திருகுவார்.

வடக்கே ஒரு மருத்துவமனையில் நான் புதிதாகச் சேர்ந்த அன்றே மருந்துத் தட்டைக் கீழே போட்டு உடைத்தேன். "அய்யோ, போச்சுங்க!" என்று வாயில் தமிழ் வந்துவிட்டது. பின்னால் ஒரு குரல், "எந்த ஊருப்பா?" என்றது. "அவிநாசிங்க மேடம்." "நான் மேட்டுப்பாளையம். ஊர்ப் பாசமெல்லாம் டூட்டி முடிஞ்சப்புறம். மொதல்ல தரையைத் தொடை." தன் அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கியவர் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "அவரு மூட்டை தூக்குனாரு, நான் ஸ்ட்ரெச்சர் தூக்கறேன்" என்று சிரிப்பார்.

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வார்டைப் பார்வையிட வந்தார். மேடம் ஒரு தீக்காயக்காரருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நாங்களெல்லாம் விறைத்து நிற்க, அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாதியில் விட்டால் இவருக்கு இரண்டு முறை வலிக்கும் சார், ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்று இந்தியில் சொன்னார். அதிகாரி பொறுத்தார். பொறுக்காமல் என்ன செய்வார்!

அப்புறம் குமார் வந்தான். சத்தியமங்கலத்துச் சிப்பாய், கண்ணிவெடியில் வலது காலை இழந்தவன். அரை மயக்கத்தில், போர்வைக்குள் இரண்டு காலும் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மேடம் இன்னும் டூட்டிக்கு வராத நேரம்; வார்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "அண்ணா, காலு இருக்குதுங்களா?" என்றான். நம் ஊர்க்காரன் வாயில் வேறென்ன வரும்? "இருக்குது கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அதோடு நின்றேனா? ஊருக்குப் பேச வேண்டும் என்றதும் என் போனையும் அவன் காதில் வைத்தேன். கால் நன்றாக இருக்கிறது, கல்யாணத் தேதியைக் குறியுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

விஷயம் தெரிந்ததும் மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டில் அருகே நிற்கச் சொல்லிவிட்டு, குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "குமார், முழங்காலுக்குக் கீழே இல்லப்பா. எடுத்தாத்தான் உசுரு தங்கும்னு எடுத்துட்டாங்க." அவன் கத்தினான். தண்ணீர் டம்ளரை அவர் மேலேயே வீசினான். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் டூட்டி முடிந்தது. நனைந்த உடுப்போடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவன் கொஞ்சம் கஞ்சி குடித்த பிறகுதான் எழுந்தார். அப்புறம் அவன் அம்மாவுக்கும் அவரே போன் செய்து சொன்னார்.

வெளியே வந்துதான் என்னிடம் பேசினார். "அந்தப் பொய் அவனுக்காக இல்ல பழனிசாமி. அவன் அழறதப் பாக்க உனக்குத் தெம்பில்ல." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உண்மையைச் சொல்லிப்போட்டாப் போதுங்களா மேடம்?" என்றேன். "சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போறதுக்குத் தந்தியே போதும்ப்பா. நர்ஸு எதுக்கு?" என்றார்.

இந்த ஆண்டு அவருக்கே வயிற்றில் கட்டி. பரவிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. சாமுவேல் அதை என்னிடம் காட்டி, "அத்தைகிட்டச் சொல்லிராதீங்கண்ணா, அல்சர்னுதான் சொல்லியிருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். "ரிப்போர்ட் பாத்தயா?" "பாத்தேனுங்க." "நாள் இருக்குதா?" "அதிகம் இல்லீங்க மேடம்" என்றேன். அவர் காலடியில் கிடந்த போர்வையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, காபி குடிச்சுட்டுப் போ" என்றார்.

உள்ளே பேசியதைக் கேட்டுவிட்ட சாமுவேல் வாசலில் கொதித்துவிட்டார். "நீங்கெல்லாம் ஒரு மனுசனுங்களா? இனி இந்தப் பக்கம் வராதீங்க!" நானா கேட்டுக்கொண்டிருப்பேன்? வரமாட்டேன் போ என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்ததுதான் சரி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேடமே போன் செய்தார். "என்னப்பா, கோவமா?" "அய்யோ, இல்லீங்க. கடையில வேலைங்க. அடுத்த வாரம் வாரேனுங்க." "வா" என்றார். நான் போகவில்லை. சாமுவேல் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் சாமுவேல் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க சொன்னது நல்லதாத்தான் போச்சுங்கண்ணா. அதுக்கப்புறம்தான் அத்தை எங்களோட மனசு விட்டுப் பேசுனாங்க. ஆனா தினமும் வாசலப் பாத்து, பழனிசாமி வந்தானான்னு கேப்பாங்க. கடையில வேலையா இருப்பாருன்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். கட்டுப் போடுவதையும் ஊசி போடுவதையும் மேஜர் ஜெயமணியிடம் கற்றேன். உண்மையைச் சொல்லவும் கற்றேன். சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருக்க மட்டும், எனக்கு அறுபது வயதாகியும், இனிமேல்தான் பழக வேண்டும். மன்னிச்சுக்குங்க மேடம்.