பொடியாகப் போன லேகியம்

டிக்கெட்டை ஏழு முறை படித்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டு வாரத்தில் பேறுகாலம். நானும் மனைவியும் போக மருமகன் எடுத்து அனுப்பிய டிக்கெட் அது. நடுவே வேறொரு நாட்டில் ஐந்து மணி நேரம் காத்திருந்து விமானம் மாற வேண்டும்.

"மாட்டுத்தாவணியில எறங்கி பஸ்ஸு மாறுற மாதிரிதான? எதுக்கு இம்புட்டுப் புலம்பல்?" என்றாள் மனைவி.

மனம் கேட்கவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழனுக்கு பஸ் ஏறினேன். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய டிராவல்ஸ்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

"ரெண்டு விமானமும் தனித்தனி டிக்கெட்டுய்யா. ஒங்க பெட்டி நடுவுலயே எறங்கிரும். அதை எடுக்க இமிக்ரேஷனத் தாண்டணும். அந்த நாட்டுல தாண்டுனா விசா வேணும்."

"விசா எப்ப வரும்?"

"மூணு வாரமாவது ஆகும்."

"பெட்டியே இல்லேன்னா?"

"உள்ளுக்குள்ளயே மாறிக்கலாம். ரெண்டாவது போர்டிங் பாஸையும் இங்கேயே போன்ல எடுத்துக்குங்க." சிரித்தார். "ஆனா வீட்ல அம்மா சம்மதிக்கணுமே!"

பெட்டியில்லாமல் போவதென்று திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு பெட்டிகள் கட்டி நின்றன. ஒன்றில் மூன்று டப்பா பேறுகால லேகியம். ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும் என்றதும் அவள் வெடித்தாள்.

"பெத்தவளுக்கு மருந்தில்லாம வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றீகளா?"

"பெட்டியோட போனா ஏறவே விடமாட்டாக. அப்ப ஒங்கையும் போகாது, ஒம் மருந்தும் போகாது."

லேகியத்தைக் கைப்பையில் வைக்கவும் வழியில்லை. குழைவான பொருளை அவ்வளவு கொண்டு போக விடமாட்டார்கள். மறுநாள் பாளையம்பட்டியில் சுக்கு, திப்பிலி, ஓமம் என்று பதினொரு சரக்கையும் புதிதாக வாங்கி வந்தேன். இருவருமாகக் காயவைத்து, இடித்து, பொடியாகவே கட்டிக்கொண்டோம். அங்கே போய்க் கிளற வெல்லத்தையும் நல்லெண்ணெயையும் மகளே வாங்கி வைத்துவிட்டாள்.

நடு நாட்டில் விமானம் மாறுவோர் வரிசையில் நின்றோம். எடுக்க வேண்டிய பெட்டி உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போகக் கைகாட்டினார்.

"அம்புட்டுத்தானா? இதுக்கா எம் பட்டுச்சேலைய எடுத்து வெளிய போட்டீக?" என்றாள்.

போய்ச் சேர்ந்த நான்காம் நாள் பேத்தி பிறந்தாள். மகளின் சமையலறையில் மனைவி வெல்லப்பாகில் பொடியைக் கொட்டிக் கிளற, கூரையில் புகையைக் கண்டால் ஒலிக்கும் மணி அலறியது. அடுப்பை அணைக்கப் போனேன்.

"அது கத்திட்டுப் போகட்டும். இப்ப கைய எடுத்தா அடிப்பிடிச்சிரும்."

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, லேகியம் திரண்டு வரும்வரை மணிக்கு நேராகத் துண்டை வீசிக்கொண்டு நின்றேன்.