லட்சணமான பெண்

என்னை யாரும் அழகு என்று சொன்னதில்லை. லட்சணம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ரெட்டிபாளையத்தில் அழகு என்றால் சிவப்பு. கறுத்த பெண்ணுக்கு மூக்கும் முழியும் ஒழுங்காக அமைந்துவிட்டால், 'கறுப்பா இருந்தாலும் லட்சணமா இருக்கா' என்பார்கள். அந்த 'இருந்தாலும்' இல்லாமல் அந்தச் சொல் என்னிடம் வந்ததே இல்லை. ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துபோச்சு, கோதுமை வாங்கிக்கோ என்பதுபோல இருக்கும். கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

என் தங்கை சிவப்பு. என்னைப் பெண் பார்க்க வரும் நாட்களில் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள் இளையவளைக் கேட்டுவிடக் கூடாதாம். நல்லதை ஒளித்துவைத்தால்தான் போணியாகிற சொத்தைக் கத்தரிக்காயா நான்?

நான் அரியலூரில் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தா.பழூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நெல் வயல் உள்ளவர்கள். சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கும் அப்பா லீவு போட்டு, சலவை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். நான் காபி கொடுத்து முடிப்பதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் வந்தால் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. தங்கையும் பக்கத்து வீட்டுக் குடத்தோடு குழாயடிக்கு ஓடி வந்துவிட்டாள். வெற்றிலை துப்ப வாசலுக்குப் போன மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்து, யார் என்று அங்கேயே விசாரித்தும்விட்டார்.

உள்ளே வந்து என் எதிரிலேயே சொன்னார்: “பெரிய பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. எங்க பயலுக்குச் சின்னதக் குடுப்பீங்களா?”

தங்கை அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று அப்பா சொல்லியிருக்க வேண்டும். அவர் அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மாவோ, கலந்து பேசிச் சொல்லுகிறோம் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தம்மா என்னை வேண்டாம் என்றதைக்கூட விட்டுவிடலாம். பெற்றவர்கள் யோசித்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் முன்னால் இருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டேன். “அது படிக்கிற புள்ளைங்க. நீங்க கெளம்புங்க” என்றேன். மாப்பிள்ளை கையில் பாதி பஜ்ஜி இருந்தது. போனால் போகிறது என்று அதை மட்டும் விட்டேன்.

அவர்கள் போனதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். லட்சணமான பெண் பேசுகிற பேச்சா இது என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் லட்சணம் என்றால் அந்த எழவு எனக்கு வேண்டாம் என்று நானும் கத்தினேன். தங்கை தன்னால்தான் எல்லாம் என்று மூலையில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் பிடிக்க வந்ததைத் தவிர அவள் என்ன செய்தாள்?

அடுத்து பெரம்பலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அம்மா வழக்கம்போல தங்கையைப் பக்கத்து வீட்டுக்குக் கிளப்பினாள். நான் அவளை இழுத்து வந்து என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டு என்னைக் கேட்கிறவன் வந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.