மூக்குக்காரர் முகர்ந்த புட்டி

ஓட்டலில் அவரை எல்லோரும் மூக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, விஸ்கியை எப்படி ருசிப்பது என்று சொல்லித் தருவது பதினெட்டு வருடமாக அவர் வேலை. புதுப் புட்டியைத் திறந்தால் முதல் மூச்சு அவருடையது. அவர் முகர்ந்து தலையசைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். முதலாளியே வந்து நின்றாலும் அந்தக் கூடத்தில் அதுதான் சட்டம்.

அந்த மூக்குதான் மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்து கருகியபோது அவர் அடுப்பிலிருந்து நாலடி தூரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவிதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"என்னங்க, இவ்வளவு கிட்ட இருந்தும் தெரியலையா? ஓட்டல்ல சொல்லிட்டீங்களா?"

"சொன்னா மாலை போடுவாங்களா?"

"மாட்டிக்கிட்டா மட்டும் போடுவாங்களா?"

வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஏற்கெனவே திறந்திருந்த, பழகிய புட்டிகளை வைத்தே நாளை ஓட்டினார். வாய் மனப்பாடமாக வேலை செய்தது. மூக்கு கேட்பாரற்றுக் கிடந்தது.

அன்று சாயங்காலம் அந்தச் சாக்கும் செல்லவில்லை. இருபத்தோரு வருடம் மரப்பீப்பாயில் கிடந்த ஐரிஷ் விஸ்கி, புத்தம் புதுப் புட்டி, பன்னிரண்டு விருந்தாளிகள். தக்கையைத் திருகி எடுத்து, குறுகிய வாய்க் கிளாசில் ஊற்றி முகர்ந்தார். லேசாக ஒரு சுரீர். அவ்வளவுதான். தலையசைத்தார்.

"அவசரப்படாதீங்க. கிளாஸ் விளிம்புல மூக்கை வெச்சு, வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சை இழுங்க. இதை மூணு தடவை காய்ச்சி வடிச்சிருக்காங்க, அதான் தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்கும். முதல்ல தேன் வரும். அப்புறம் பச்சை ஆப்பிள். கடைசியில உலர்ந்த திராட்சை."

"தேன்தாங்க, அப்படியே தேன்," என்றார் ஒரு குண்டு மனிதர். எல்லாக் கிளாசிலும் தேன் வந்தது.

கடைசி நாற்காலியில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க. எனக்கு மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வருது."

"மூக்குக்காரரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னம்மா," என்று குண்டு மனிதர் சிரித்தார். "உங்களுக்கு ஜலதோஷமா இருக்கும்."

மூக்குக்காரர் மேசையில் கிடந்த தக்கையைப் பார்த்தார். நனைந்த அட்டை என்றால் தக்கை கெட்டுப்போன புட்டி. நூற்றுக்கணக்கான புட்டிகளில் ஒன்று அப்படி வரும். முன்பென்றால் கையெட்டும் தூரத்திலேயே பிடித்திருப்பார். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பதினோரு பேர் அவர் பக்கம்.

அந்த அம்மா மறுபடி முகர்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "சரிங்க, தேன்தான் போல," என்றாள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. நல்ல மூக்கு ஒன்று, அவர் பேச்சைக் கேட்டுப் பொய் சொல்லிவிட்டது.

"இல்லம்மா. நீங்க முதல்ல சொன்னதுதான் சரியா இருக்கும். யாரும் குடிக்காதீங்க." கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். விஷயம் தெரிந்து மேனேஜர் வேகமாக வந்து காதோரம் குனிந்தார்.

"வேற புட்டி திறங்க. ஏதாவது சொல்லிச் சமாளிங்க."

அவர் இன்னொரு புட்டியைத் திறந்தார். ஊற்றிய கிளாசைத் தன் மூக்கிடம் கொண்டுபோகாமல் கடைசி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு மூணு வாரமா வாசனை தெரியலம்மா. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

குண்டு மனிதர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா வெகுநேரம் முகர்ந்தாள்.

"இதுல அட்டை இல்ல. ஆனா தேனும் இல்லைங்க. ஏதோ ஒரு பழம்."

"முடிச்சிட்டு என் ரூமுக்கு வாங்க," என்றார் மேனேஜர், அவர் முகத்தைப் பாராமல்.

"வரேன் சார்," என்றவர் மேசையின் மேல் குனிந்தார். "என்ன பழம்மா? பழுத்ததா, காயா?"