கள்ளக்குறிச்சியில் தலைகீழாக ஓடிய நாடு

சினிமாக் கொட்டகை மேனேஜர் உத்தியோகத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: படம் ஓடினால் நடிகன் நன்றாக நடித்தான், ஓடாவிட்டால் 'எவன்யா இங்க மேனேஜரு?' ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்று முதலாளிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாரானாலும் இது புரியும். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கொட்டகைக்கு மேனேஜராக இருந்தேன். என் உத்தியோகத்தில் நான் ஜெயித்த கதை இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படம்

முதலாளி மஜீத் பாய் வெல்ல மண்டிக்காரர். கொட்டகை அவருக்கு அப்பா வழியில் வந்தது. அவருக்குச் சினிமா பிடிக்காது, வெல்லம் பிடிக்கும். பாம்புப் படம் போட்டேன், கத்திச் சண்டைப் படம் போட்டேன், தங்கச்சி அழுகிற படம் போட்டேன். பாம்பும் கத்தியும் தங்கச்சியும் ஒன்று சேர்ந்து என் மானத்தை வாங்கின. ஒரு நாள் பாய் கொட்டகைக்கு வந்து, காலி பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு படத்துக்குத் தவணை கொடுத்தார். என் இஷ்டப்படி நானே படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நாலு வாரம் ஓடினால் கொட்டகை கொட்டகையாகவே இருக்கும். ஓடாவிட்டால் பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு வெல்ல குடோன்.

ஆபரேட்டர் முனுசாமி, டிக்கெட் கொடுக்கும் அஞ்சலை, வாட்ச்மேன், பெருக்குகிறவர் என்று என்னோடு சேர்த்து ஏழு குடும்பம் அந்தக் கொட்டகையை நம்பி இருந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு. டார்ச் அடித்து இடம் காட்டுவதைத் தவிர வேறு வித்தை எதுவும் தெரியாது. "கொஞ்சம் யோசிங்க பாய்" என்று கெஞ்சினேன். பாய் கோபப்படவே இல்லை. "இன்னா மேனேஜர் யோசிக்கறது? கொட்டாயில சும்மா ஈ ஓட்டிக்கினு கீறீங்க. வெல்லம் வெச்சா அந்த ஈக்காச்சும் பிரயோஜனம்."

மூச்சுக்கு ரேஷன்

நான் தேர்ந்தெடுத்த படத்தின் பெயர் 'மூச்சுக்கு ரேஷன்'. நாற்பது வருஷம் கழித்து நாடு எப்படி இருக்கும் என்று கேலி செய்கிற படம். முதல் பாதியில் சர்க்கார் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறது. மழையை ஏலம் விடுகிறார்கள், தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், மூச்சு விடுவதற்கு ரேஷன் கார்டு. இடைவேளைக்குப் பிறகு ஒரு கணக்கு வாத்தியார் மந்திரியாகி நாட்டை நிமிர்த்துகிறார். வீட்டுக்கு வீடு கார், எருமைக்குத் தங்கக் கொலுசு. கடைசி ரீலில் எல்லோரும் கைகோத்து 'நாமெல்லாம் பணக்காரர்' என்று பாடுகிறார்கள். விநியோகஸ்தர் ஆபீசில் போட்டுக் காட்டியபோது முதல் பாதிக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டேன். அந்தத் தூக்கத்தை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி ஜனங்களும் அப்படியே செய்தார்கள். முதல் பாதியில் அங்கங்கே சிரிப்பு, இரண்டாம் பாதியில் குறட்டை. நாலாம் நாள் மேட்னிக்கு வந்தவர்களைவிடக் கொட்டகைச் சிப்பந்திகள் ஜாஸ்தி. கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் இடைவேளையிலேயே எழுந்து வந்து என் மேஜையைத் தட்டினார். (இப்போது அவர் மகன் கேன் தண்ணீர் ஏஜென்சி வைத்து மாடி வீடு கட்டிவிட்டான்.) "தண்ணிய பாட்டில்ல அடச்சி விப்பானாம், அத நம்ப ஜனம் காசு குடுத்து வாங்குமாம். இத எழுதனவன் கோமுகி அணைய ஒருதபாகூட பாத்திருக்க மாட்டான் சார்!"

படுத்த மரம்

ஒரு வாரத்தோடு படத்தைத் தூக்கிவிடுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் படப்பெட்டி திருக்கோவிலூர் கொட்டகைக்குப் போக வேண்டும். வெல்ல லாரி உளுந்தூர்பேட்டை வரை வந்துவிட்டது என்று பாய் சொல்லி அனுப்பினார். நானும் முனுசாமியும் பிணத்தோடு போகிறவர்கள் மாதிரி கை வண்டியில் பெட்டிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கொட்டுகிற மழை.

பஸ் ஸ்டாண்டில் அத்தனை பஸ்ஸும் அசையாமல் நின்றன. இட ஒதுக்கீடு கேட்டு அன்று விடியற்காலையில் சாலை மறியல் ஆரம்பித்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் மரம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். டெலிபோனும் வேலை செய்யவில்லை. அந்த வாரத்தில் பயம் இருந்தது, சில வீடுகளில் துக்கமும் இருந்தது. அதைச் சிரிப்பாக எழுத எனக்கு மனசு வராது. என் பங்குக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். திருக்கோவிலூர் பஸ் கண்டக்டரிடம், "எப்படியாவது பெட்டியை ஏத்திக்கப்பா" என்று மன்றாடினேன். அவர் பீடியைக் கீழே போட்டார். "சார், ரோட்டுமேல புளியமரம் படுத்துக்கினு கீது. ஒங்க பெட்டிக்கு நா டிக்கெட் கிழிச்சிக் குடுத்தா, அது மரத்த தாண்டிக் குதிக்குமா?"

முனுசாமியின் கை

மூன்றாம் நாள் போலீஸ் இன்ஸ்பெக்டரே ஆள் அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் சிக்கிய வெளியூர்ப் பயணிகள் பெண்டு பிள்ளைகளோடு மழையில் நனைகிறார்கள், கொட்டகையைத் திறந்துவிடு, பகல் காட்சி ஏதாவது போடு என்றார். கையில் இருந்தது திருக்கோவிலூருக்குச் சேர வேண்டிய படம். அனுமதி இல்லாமல் ஓட்டினால் விநியோகஸ்தர் என் தோலை உரிப்பார். எப்படியும் வேலை போகப் போகிறது, தோலும் போகட்டும் என்று ஓட்டச் சொன்னேன்.

இங்கேதான் அந்தக் காரியம் நடந்தது. படம் பதினாலு ரீல். முதல் ரீலில் பெயர் வரும், கடைசி ரீலில் 'வணக்கம்' வரும். அந்த இரண்டும் யாருக்கும் தப்பாது. நடுவில் உள்ள பன்னிரண்டும் இரண்டு பெட்டியில் ஆறு ஆறாக வந்தன. ஒவ்வொரு டப்பா மூடியிலும் சுண்ணாம்பால் எழுதியிருந்த நம்பர் மழையில் கரைந்துவிட்டது. முனுசாமி கைக்கு அகப்பட்ட பெட்டியை முதலில் ஓட்டிவிட்டார். அதாவது, படம் ஆரம்பித்த உடனே நாடு பணக்கார நாடு. எருமைக்குக் கொலுசு, வீட்டுக்குக் கார். இடைவேளைக்குப் பிறகு எல்லாம் ஏலம் போகிறது. மந்திரியாக இருந்த வாத்தியார் மூச்சு விட ரேஷன் கடையில் நிற்கிறார். கடைசியில் சோற்றுக்கு இல்லாத அத்தனை பேரும் கைகோத்துக்கொண்டு 'நாமெல்லாம் பணக்காரர்' என்று பாடுகிறார்கள்!

இடைவேளையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜனங்கள் எழுந்து வந்து உதைக்கப் போகிறார்கள் என்று ஆபீஸ் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். கடைசிப் பாட்டு வந்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. கல்தான் விழுகிறது என்று நினைத்தேன். கைதட்டல். சேலத்துக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நெஜத்த எடுக்கறதுக்கு தகிரியம் வேணும் சார். மொதல்ல நல்லாக் கீறம்னு சொல்லுவான், அப்பறம் எல்லாத்தையும் வித்துடுவான், கடைசியில நம்பளையே பாடச் சொல்லுவான். அத அப்டியே புட்டுப் புட்டு வெச்சிட்டாங்க!"

வசனத்துக்கு ஒன்ஸ்மோர்

செய்தி பரவி, அதே தலைகீழ் வரிசையில் ஓட்டிய மறுநாள் மேட்னிக்கு இடம் இல்லை. படம் பாதியில் இருக்கும்போது மறியல் பிள்ளைகள் இருபது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் ஏழுமலை, பி.ஏ. படித்து நாலு வருஷமாக வேலை இல்லாதவன். "ஊரே ரோட்டுல ஒக்காந்துக்கினு கீது, நீங்க இங்க சிரிச்சிக்கினு கீறீங்களா?" என்று என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனான். நானும் பின்னால் ஓடினேன்.

அப்போது திரையில் இன்டர்வியூ காட்சி. நாட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சர்க்கார் உத்தியோகம். அதற்கு லட்சக்கணக்கில் மனு வந்திருக்கிறது. அந்த உத்தியோகத்தில் என்ன வேலை என்று கேட்டால், வந்த மனுக்களை எண்ணுவது. ஏழுமலை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் ஆபரேட்டர் ஜன்னலைப் பார்த்து, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுப் பார்த்திருக்கிறேன், சண்டைக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மனு எண்ணுகிற காட்சிக்கு ஒருவன் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். முனுசாமி அவசரமாகச் சுற்றி மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும் மறியல் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் ஏழுமலை. போகும்போது என் பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியிருந்தது. "எங்க நைனா, படிச்ச புள்ள நீ ஏன்டா மரம் வெட்டறன்னு டெய்லி கேட்டுக்கினே கீறாரு. நாளைக்கு இட்டாரேன் சார். இத மட்டும் போட்டுக் காட்டுங்க, நா வாயத் தொறக்க வேணாம்."

ஒரு படி சாமை

அவன் சொன்னபடி அப்பாவை அழைத்து வந்தான். அதே காட்சிக்கு வெள்ளிமலையிலிருந்து ஒருவர் தோளில் மூட்டையோடு வந்தார். கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார். வெட்டிப்போட்ட மரம் பஸ்ஸுக்குத்தானே தடை, காலுக்கு என்ன? சாமை விற்க வந்தவர், மண்டி மூடியிருந்ததால் முந்தின நாள் படம் பார்த்திருக்கிறார். படத்தில் ரூபாய் நோட்டுக்கு மதிப்பு போய், ஜனங்கள் கத்திரிக்காய் கொடுத்து டீ குடிப்பார்கள். அதைப் பார்த்தவர் இன்று அஞ்சலையின் ஜன்னலில் ஒரு படி சாமையை அளந்து வைத்துவிட்டு டிக்கெட் கேட்டார். அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள். நான் சாமையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அப்புறம், "குடும்மா டிக்கெட்டை" என்றேன்.

மறுநாள் வரிசையில் நின்றவர்கள் கையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, மரவள்ளிக் கிழங்கு, பூசணிக்காய். ஊரில் ஓட்டல்களில் அரிசி தீர்ந்துபோயிருந்தது. வாட்ச்மேன் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டினார். சிக்கிய பயணிகள், போலீஸ், மறியல் பிள்ளைகள் எல்லோருக்கும் சாமைக் கஞ்சியும் கிழங்கும். அந்த வாசலில் நின்று பார்த்தபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அது எந்த மந்திரிக்கும் வந்திருக்காது. மலைக்காரரிடம், "எதிர்காலத்தையே கொண்டாந்து இறக்கிட்டீங்களே" என்றேன். அவர் கஞ்சியை ஊதிக்கொண்டே நிமிர்ந்தார். "இதுவா எதிர்காலம்? எங்க மலையில எப்பவும் இதுதானுங்க. கீழ இருக்கறவங்க நீங்க இப்பத்தான் வந்து சேர்றீங்க."

ரெப் வந்தார்

மரங்களை அகற்றிய பிறகு விட்ட முதல் பஸ்ஸில் விநியோகஸ்தரின் பிரதிநிதி, அதாவது ரெப், சம்பந்தம் என்பவர் வந்து இறங்கினார். அனுமதி இல்லாமல் நாலைந்து நாள் ஓட்டியிருக்கிறேன், அதையும் தலைகீழாக ஓட்டியிருக்கிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தம் நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இடைவேளையில் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் இது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

படம் முடிந்து ஜனங்கள் போன பிறகும் அவர் எழுந்து வரவில்லை. போய்ப் பார்த்தால் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் நீட்டிய கடிதத்தை வாங்கினார், மடித்த பக்கத்தைத் திருப்பினார், காலியாக இருந்த பின்பக்கத்தை என்னிடமே நீட்டினார். "இந்தப் பெட்டி இங்கயே கெடக்கட்டும் சார், திருக்கோவிலூருக்கு வேற பிரிண்டு வரவழைக்கறேன். எந்த ரீலுக்கு அப்பறம் எந்த ரீலுன்னு இதுல கொஞ்சம் எழுதிக் குடுங்க, இனிமே எல்லா ஊர்லயும் கள்ளக்குறிச்சி வரிசைதான்."

இருபத்தொன்பதாம் நாள்

நாலு வாரம் தாண்டியது. இருபத்தொன்பதாம் நாள் மஜீத் பாய் மேட்னிக்கு வந்தார். அவருக்கே இடம் இல்லை. என் ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து முழுப்படமும் பார்த்தார். மழை ஏலத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிரித்தார். அஞ்சலை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், முனுசாமி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். ஏழு குடும்பத்தின் அடுப்பும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. விளக்குப் போட்டதும் பாய் எழுந்தார். மடியிலிருந்து ஒரு அச்சு வெல்லத்தை எடுத்து என் கையில் வைத்தார். "வெல்லத்துக்கு வேற எடம் பாத்துட்டேன் மேனேஜர். ஈ மொய்க்கற எடத்துல இருந்து சரக்க மாத்தறவன் யாவாரியே இல்ல."

நாட்டின் எதிர்காலத்தை எத்தனை பெரிய மூளை வேண்டுமானாலும் கணக்குப் போட்டு எழுதட்டும், அது எந்த வரிசையில் வந்து சேரும் என்பதை ஒரு புளியமரமும் ஒரு மழையும் ஆபரேட்டர் முனுசாமியின் கையும்தான் தீர்மானிக்கின்றன.