மூடி போட்ட லேசர் மிஷின்

லேசர் கட்டர் வாங்குவதென்று முடிவான பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. சோறு பொங்கும்போதும் அதே பேச்சு, துணி காயப்போடும்போதும் அதே பேச்சு. அவருக்கு மூடியில்லாத மிஷின்தான் வேண்டும். எனக்கு மூடி போட்டதுதான் வேண்டும். இரண்டு பேருமே லேசில் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். அஞ்சுகிராமத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. முன்பு அவர் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாரா என்று கேட்பீர்கள். போட்டிருந்தார், நெற்றியில்! அந்தக் கண் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு வெல்டிங்கை விட்டுவிட்டோம். வீட்டு வாசல் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஷீல்டு, கல்யாண மேடையில் வைக்கிற மாப்பிள்ளை பெண் பெயர் என்று தொழில் மாறியது. நான் கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுப்பேன். அவர் அக்ரிலிக் பலகையைக் கைமிஷினால் அறுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். பெயரில் ஒரு ‘ஜூ’ வந்துவிட்டால் மனிதர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. அதுகூடப் பரவாயில்லை, கொஞ்ச காலமாக நேர்க்கோடே கோணலாக வர ஆரம்பித்திருந்தது. கை சோர்ந்து போச்சு என்றார். சரி, இனி மிஷின் அறுக்கட்டும் என்றுதான் லேசர் பேச்சு வந்தது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் இரண்டு வகையும் ஓட்டிக் காட்டினார்கள். ஒன்று நாலு சட்டமும் நடுவில் ஓடுகிற ஒரு தலையும் மட்டும், எல்லாம் திறந்த வெளி. பெரிய பலகை வைக்கலாம், விலையும் குறைவு. இன்னொன்று பெட்டி மாதிரி. மேலே ஆரஞ்சு நிறக் கண்ணாடி வைத்த மூடி. மூடியைத் திறந்தால் வெளிச்சம் தானாக நின்றுவிடும். ஆனால் சின்னது, விலையும் கூடுதல்.

திறந்த மிஷினின் நீல வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கொடுத்த கண்ணாடியை இவர் நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு நேரே குனிந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து ஒரே இழு இழுத்தேன். ஒரு பித்தான் தெறித்து எங்கேயோ விழுந்தது.

“ஏட்டி, விடு. எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டு. மிச்சம் இருக்கது ஒண்ணாக்கும். ஓர்மை இருக்கா?”

“அந்தக் கண்ணாடியப் போட்டா என்ன எளவு தெரியும்? ஒண்ணும் தெரியல்ல.”

அது அவருடைய பழைய திமிர் என்றுதான் நான் நினைத்தேன். கடைக்காரரைப் பார்த்து, நிறமில்லாத தெளிவான அக்ரிலிக்கை இந்த நீல வெளிச்சம் அறுக்குமா என்று கேட்டேன். அறுக்காது, வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போய்விடும் என்றார். பெட்டி மிஷினின் வெளிச்சம் வேறு வகை, அது அறுத்துவிடுமாம். எங்களுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பலகைதான். எனக்கு அது போதும். மூடி போட்ட மிஷினுக்கு அங்கேயே முன்பணம் கொடுத்தேன். ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவர் பஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மிஷின் வந்து இறங்கியது. புது மிஷினைப் பூஜை போடாமல் எப்படி ஓட்டுவது? நான் சந்தனம் குழைத்துக் கொடுத்தேன். அவர் முகம் தெளிந்து, மூடிக்கு, சுவிட்சுக்கு, மோட்டாருக்கு, உள்ளே கைக்கு எட்டிய எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, முதல் வேலையாகப் பிள்ளையார் உருவத்தை அறுக்கக் கொடுத்தோம். பட்டறை முழுக்கச் சந்தனம் கருகுகிற மணம் வந்தது. பலகையில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை.

திறந்து பார்த்தால், வெளிச்சத்தைத் திருப்பிவிட உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு, ஒரு ரூபாய் நாணயம் அளவு. அதன் நட்டநடுவில் இவர் வைத்த பொட்டு கரிந்து கிடந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

“வெளங்கினாப்பலதான்! கண்ணாடியிலயா பொட்டு வைப்பாவ?”

“கிரைண்டருக்கு வைக்கல்லியா, டிரில்லுக்கு வைக்கல்லியா? அது மாதிரிதான் இதுவும்.”

கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் சிரிக்கிறார். இந்தப் பக்கத்து ஆட்கள் வேறு சிலரும் இதே காரியத்தைச் செய்திருக்கிறார்களாம். மறுநாள் பஸ் ஏறிப்போய் வேறு கண்ணாடி வாங்கி வந்தேன்.

அதை மாட்டியபின் வெளிச்சம் நேராக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் வந்து படுகிற இடத்தில் காகித டேப் ஒட்டி, ஒரு நொடி சுட்டால், கருப்பாக ஒரு புள்ளி விழும். புள்ளி நடுவில் விழுகிற வரைக்கும் திருகைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து திறந்து மூடுவது பாடு, மூடியைத் திறந்ததும் வெளிச்சத்தை நிறுத்துகிற சுவிட்சை டேப் போட்டு அமுக்கி வைத்துவிடலாம் என்றார் அவர். நான் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் மூடினால்தான் சுடலாம், நான் திறந்தால்தான் பார்க்கலாம்.

முதல் தடவை சுட்டோம். திறந்தேன். அவர் குனிந்து பார்த்து, “நடுவுலதான் இருக்கு” என்றார். நான் பார்த்தேன். புள்ளி ஓரத்தில் கிடந்தது. திருகைத் திருப்பிவிட்டு மறுபடியும் சுட்டோம். மறுபடியும் “நடுவுலதான்” என்றார். இந்தத் தடவை நான் புள்ளியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் கண்ணால் தேடவில்லை. விரல் நுனியால் டேப்பைத் தடவித் தடவி, கரிந்த இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்குத் தடவுதிய?”

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“உங்களத்தான் கேக்குதேன். இந்தப் புள்ளி தெரியுதா, தெரியல்லியா?”

“தெரியல்லட்டி,” என்றார். “பொகை மூடினாப்பல இருக்கு. அன்னைக்குப் பொட்டு வைக்கச்சில அது கண்ணாடின்னே தெரியல்ல. அந்த ஆரஞ்சு மூடி வழியாப் பாத்தா ஒரே இருட்டு. அதனாலதான் தொறந்த மிஷின் கேட்டேன்.”

“எத்தன நாளா?”

“கோடு கோணலா வரத் தொடங்கின நாள்லேருந்து.”

“எங்கிட்டச் சொன்னா என்ன?”

“சொன்னா நீ வேலையே செய்ய விடமாட்டே. பின்னே நான் சும்மா இருந்து என்ன செய்யதுக்கு?”

திட்டத்தான் வாயெடுத்தேன். இருட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக எத்தனை நாள் நடமாடியிருக்கிறார், பாவம். அந்தக் கடையில் நான் இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்! கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதேன். அன்றைக்கு மூடிய மிஷினை டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் நாங்கள் திறக்கவில்லை.

நாகர்கோவிலில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, புரை நன்றாக முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். இருப்பது இது ஒன்றுதான் டாக்டர் என்றேன். தெரியும் அம்மா, அதனால்தான் இதற்குமேல் தள்ளிப்போடக் கூடாது என்றார். ஆபரேஷன் நடக்கும்போது வெளியே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அந்தக் கண்ணும் போய்விட்டால் நான் எப்படி அவர் முகத்தைப் பார்ப்பேன்!

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி டாக்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டி என் காதோரத்து முடியைத் தொட்டார்.

“ஏட்டி, இது எப்ப இப்படி நரைச்சு?”

“ரொம்ப நாளாச்சு,” என்றேன்.

அவர் உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் படவே கூடாது, அழாதீங்க என்று டாக்டர் அதட்டினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.