கடைசித் தண்டவாளத் துண்டு

மோட்டார் பட்டறையில் பதினெட்டு வருஷமாகச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவளுக்குப் போய் மின்சாரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள் அந்த மேதாவிகள். மின்விசிறியோ பம்போ, எதைக் கொண்டுபோனாலும் மூடியைக் கழற்றி ஒரு தரம் முகர்ந்துபார்த்தே எங்கே கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள் காயிலக்கா. பட்டறைப் பலகையில் இருப்பது என்னவோ புருஷன் பெயர்தான்.

குட்டி ரயில் செய்து ஓட்டும் மாதிரி ரயில் சங்கத்தில் அவளைச் சேர்த்துவிட்டது அதன் செயலாளரான கொழுந்தன். நூலகத்து மாடியறையில் பெரிய மேஜை போட்டு, அதன்மேல் ஒரு ஸ்டேஷன், ஒரு மலை, மலையைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய பாதையிலேயே திரும்பி வந்து சேரும் தண்டவாளம் என்று திட்டம். படம் போட்டவர் தலைவர். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் திக்கென்றது. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், பக்கத்துத் தண்டவாளத்தில் மைனஸ். பாதை வளைந்து எதிர்முகமாகத் தன்மேலேயே வந்து சேர்ந்தால் பிளஸ் போய் மைனஸைத் தொடும், ஷார்ட் ஆகும். சொன்னாள். வட்டத்தில் ரயில் ஓடி அவள் பார்த்ததே இல்லையா என்று தலைவர் சிரித்தார். வட்டம் வேறு, திரும்பி வருவது வேறு என்று அவள் பென்சிலை எடுப்பதற்குள் தாளைச் சுருட்டிக்கொண்டார். மலையைச் செய்யும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். கொழுந்தனும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

பழைய செய்தித்தாளும் பிளாஸ்டருமாக மலையைச் செய்துகொடுத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. பிளஸ் மைனஸை மாற்றிப் போடும் ஒரு சுவிட்சுக்கு ஒயர் கோத்து, ரம்பத்தோடு பையில் போட்டுவைத்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், கடைசித் துண்டைச் சிறப்பு விருந்தினர் கையால் பொருத்த வேண்டும் என்று ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். அதனால் ரயில் அதுவரை போகும், பின்னாலேயே திரும்பும். ஒரு கோளாறும் தெரியவில்லை. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

திறப்பு நாளன்று அறை நிறையக் கூட்டம். நூலக இயக்குநரம்மா துண்டைப் பொருத்தினார். அவ்வளவுதான், ஸ்டேஷனில் நின்ற ரயில் அசையவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "மலை வேலை பண்ணவங்க பிளாஸ்டர் தூசியக் கொட்டிட்டாங்க. அவங்களுக்குக் கரண்ட் விஷயம் தெரியாது, பாவம்."

பாவமாம்! கூட்டத்தில் பாதிப் பேர் அவளிடம் மோட்டார் கொடுப்பவர்கள். இந்தப் பேச்சை இப்படியே விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு கடையைத் திறப்பது? காயிலக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரையும் கேட்காமல் பையிலிருந்து மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். வளைவின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் அறுத்து, மேஜை ஓரத்தில் சுவிட்சை வைத்து ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்தாள். இருபதே நிமிஷம். ரயில் வளைவுக்குள் போனதும் சுவிட்சைத் தட்டினாள். அது சமர்த்தாக ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தது. ஒரே கைதட்டல்.

"தூசி போனதும் என்னமா ஓடுது பாருங்க" என்றார் தலைவர்.

அடுத்த சுற்றில் ரயில் வளைவுக்குள் போனபோது காயிலக்கா சுவிட்சைத் தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டாள். வெட்டின இடத்துக்கு வந்ததும் ரயில் நின்றது. தலைவர் ஓடிவந்து கைக்குட்டையால் தண்டவாளத்தைத் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கொழுந்தன் மெல்ல அவள் பக்கத்தில் வந்தான்.

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் தம்பி. ஏன் நின்னுச்சுன்னு நீயே சொல்லு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்புறம் தட்டறேன்."

அவன் தலைவரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

"தூசி இல்லங்க. படமே தப்பு. அண்ணி அன்னிக்கே சொன்னாங்க, நாங்கதான் கேக்கல."

குனிந்த தலைவர் நிமிரவே இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தார். காயிலக்கா சுவிட்சில் விரலை வைத்தாள்.

"கைய எடுங்க சார்," என்றாள், "வண்டி வருது."