மணலில் பார்த்துப் பிடித்த ஆள்

என் முகத்துக்கு நேராக "நீ சொல்றது தப்பு" என்று சொல்லக்கூடியவர்கள் காரைக்காலில் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால்பந்து மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் கும்பகோணம் வண்டியில் நின்றவர். இன்னும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். இன்னொருவர் துபாயில் வெகுகாலம் இருந்து திரும்பி, இப்போது ஜவுளிக்கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அவரை நான் நானா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

மற்றவர்களுக்கு நான் முதலாளி. அது சும்மா வந்த பேர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் படிப்பு போதும் என்று பள்ளிக்கூடமே முடிவு செய்து அனுப்பிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார் ஏற்றிய வண்டியை நான் தள்ளிய காலத்தில் எனக்குச் செருப்புக் கிடையாது. இன்றைக்கு இரண்டு ஐஸ் கம்பெனி என்னுடையது. பட்டினச்சேரிப் படகுகளில் பாதிக்கு மேல் என் ஐஸை ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. பார் ஒன்றைத் தட்டிப் பார்க்க வேண்டாம், நின்ற இடத்திலிருந்து பார்த்தே உள்ளே கட்டியாகிவிட்டதா, இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். என் பிள்ளைகள் இஞ்சினியர்கள். அவர்கள் மீட்டர் பார்த்துச் சொல்வதற்குள் நான் சொல்லியிருப்பேன். என் கண் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரே ஒரு தடவை ஏமாற்றியது. அந்தத் தடவை என்னைக் காப்பாற்றியவர்களுக்கு நான் இன்னும் வாயால் நன்றி சொல்லவில்லை. சொன்னால் கண்டக்டர் சிரிப்பார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கிளப்புக்கு நான் தலைவர். கிளப் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு பீரோ, இரண்டு வலை, பதினெட்டு பேர். உள்ளூர் லீக்கில் ஆடுகிறோம். போன வருஷம் நடுவில் நின்று ஆடியவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இளசுகள் மிட்ஃபீல்டர் என்கிறார்கள். நாங்கள் 'ஆஃப்' என்றுதான் சொல்வோம். பின்னால் இருப்பவர்களிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பவன். அவன் சரியில்லை என்றால் மற்றப் பத்து பேரும் ஓடுவது வீண்.

லீக் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. யாரைக் கொண்டுவருவது என்று படிக்கட்டில் தினமும் சண்டை.

"அம்பகரத்தூர் உயரக்காரன வாங்கய்யா," என்றார் கண்டக்டர். "தலைக்கு மேல வர்ற பந்து ஒண்ணு விடமாட்டான். எதிராளி கால்லேந்து புடுங்கிருவான்."

"புடுங்கி?" என்றார் நானா. "புடுங்குனத என்னா பண்ணுவான்? வீட்டுக்குக் கொண்டுபோவானா? பாஸு குடுக்கத் தெரியணும்ல. பூவத்துக்காரன் இருக்கான் பாருங்க, எடது காலு. பந்தத் தட்டுனான்னா தட்டுல வச்சுக் குடுத்த மாதிரி வரும்."

"ஆமாமா, அரை மணி நேரம் வரும். அப்பறம் அவனையே தட்டுல வச்சுத்தான் தூக்கிட்டு வரணும்."

"ராத்திரி மேட்ச் பாக்குறீரா நீரு? ஐரோப்பாவுல எல்லா டீமும் இப்ப பாஸு குடுக்குறவனத்தான் தேடுது."

"ஐரோப்பாவுல இந்த வெயில் அடிக்குதா நானா?"

இப்படியே வாரக்கணக்கில். கிளப்பில் ஆடுகிற பையன்களே அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். உங்கள் இரண்டு ஆளையும் தூக்கிச் சாப்பிடுகிற ஆளை நான் கொண்டுவருகிறேன், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். படகு ஓடாவிட்டால் ஐஸும் ஓடாது. என் கம்பெனியில் மிஷினைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், எனக்கு வேலை இல்லை. பட்டினச்சேரிக்குப் போனேன். அங்கே தடைக்காலத்தில் கடற்கரையில் காலையிலும் மாலையிலும் பந்துதான். கம்பு நட்டு வலை கட்டி, வெறும் காலில் மணலில் ஆடுவார்கள். கால் புதையும். நாமெல்லாம் அதில் நடந்தாலே மூச்சு வாங்கும்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். இருபத்துநாலு வயதிருக்கும். விசைப்படகில் வேலை. மணலில் எல்லோரும் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, அவர் நடுவில் நின்றபடி ஒரு உதை உதைப்பார். அந்தக் கோடிக்கு, நிற்கிறவன் காலடிக்கே போய்ச் சேரும். ஒன்றல்ல, பத்துத் தரம். நான் எண்ணினேன். பத்துத் தரமும் அளவு தப்பவில்லை. என் கண் சொல்லிவிட்டது, இவர்தான் என்று.

ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டேன். "என் கிளப்புக்கு வர்றியா?" என்றேன். "வாக்குக் குடுக்குறேன், லீக் முழுக்க நீதான் நடுவுல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "போட்ல எனக்கு எடம் இருக்கு மொதலாளி. தட முடிஞ்சா போவணும். ஒரு ட்ரிப் போனா பத்து நாள் ஆவும், மேட்சுக்கு வர முடியாது."

"இந்த சீசன் போட்டு வேணாம்னு சொல்லிரு. நான் இருக்கேன்ல. என் கம்பெனியில வேலை பாரு."

மறுநாளே அவர் படகு உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். தடை முடிந்து படகு இறங்கியபோது அவர் இடத்தில் வேறு ஆள் ஏறினார். என் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற வேலை கொடுத்தேன். ஆனால் கடல்காரருக்கு ஐஸ் உடைப்பது வேலையா? பந்துக்காகத்தான் அவர் வந்தார். படிக்கட்டில் போய் நெஞ்சை நிமிர்த்தி இந்தச் செய்தியைச் சொன்னேன். கண்டக்டர் "பாப்போம்யா" என்றார், அவ்வளவுதான்.

முதல் மேட்ச். நாலு மாதமாக மழை இல்லை. எங்கள் மைதானத்தின் களிமண் காய்ந்து சிமெண்டு போல் இறுகியிருந்தது, புல் என்று சொல்ல ஏதோ இருந்தது. அவர் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் பாஸ், எங்கள் லெஃப்ட் விங்கைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் ஒரு ஆட்டோவில் பட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து பந்தை எறிந்துவிட்டு, "யாருங்க அது, என்னையும் டீம்ல சேத்துக்கிட்டாரா?" என்றார். மொத்தப் படிக்கட்டும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் பையன்கள் அவருக்குப் பந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

லீக்கில் ஒரு விதி. இரண்டாவது மேட்ச் வரைக்கும்தான் பதினெட்டுப் பேர் பட்டியலில் பேர் மாற்றலாம். அதற்குப் பிறகு பட்டியல் மூடிவிடும். இரண்டாவது மேட்சுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அம்பகரத்தூர்க்காரரும் பூவத்துக்காரரும் இன்னும் எந்தக் கிளப்பிலும் சேரவில்லை. மறுநாள் சாயங்காலம் கிளப் பையன்கள் எல்லோரும் படிக்கட்டுக்கு வந்து, பட்டினச்சேரி ஆளை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுத்துவிட்டால் அவருக்குப் படகும் இல்லை, பந்தும் இல்லை. என் வாக்கை நம்பி வந்தவர். இது எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் என் கண் தப்பு என்று ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தலைவருக்கு அது அழகில்லைதான்.

நானாதான் மெதுவாகக் கேட்டார். "தம்பி, அந்தப் புள்ளைய எங்க பாத்தீங்க?"

"பட்டினச்சேரி கடக்கரையில."

"மணல்ல."

"ஆமா."

"தரையில ஆடிப் பாத்தீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "அல்லாவே. மணல்ல அந்தக் கோடிக்குப் பந்து போவணும்னா எத்தன பலமா ஒதைக்கணும்? அதே ஒதைய சிமெண்டு தரையில ஒதச்சா நாகூருக்குல்ல போவும்!"

கடலோர ஊரில் பிறந்து, கடலையே நம்பிப் பிழைத்தவன் நான். மணலில் வண்டி தள்ளுவதற்கும் தார் ரோட்டில் தள்ளுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என் தோளுக்குத் தெரியும். பந்து என்று வந்தபோது அது எனக்குத் தோன்றவேயில்லை. மணலே தரையாகிப்போன ஒரு கடற்கரைக்காரன்தான் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும்.

இப்போது கண்டக்டர் பிடித்துக்கொள்வார், அம்பகரத்தூர்க்காரரைக் கூப்பிடு என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மாதமாக அவர் கேட்டது அதுதானே. அவர் எழுந்து நின்றார்.

"பேர எடுக்கக்கூடாது," என்றார்.

பையன்கள் கசமுசாவென்று பேசினார்கள்.

"கேளுங்கடா. முப்பது வருஷம் ஓடுற வண்டில நின்னவன் நானு. ரிட்டயரான மொத வாரம் வீட்டுக் கூடத்துல நடக்கவே கால் தடுமாறிச்சி. தரை ஆடலைன்னு காலுக்குப் புரிய எட்டு நாளாச்சி. அந்தப் புள்ளைக்கு அளவு தெரியும். தரைதான் மாறிப்போச்சி. ஐஸு பண்ணுன தப்புக்கு அவன் ஏண்டா போட்டையும் எழந்து பந்தையும் எழக்கணும்?"

என்னை ஐஸு என்று கூப்பிட இந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் துணிச்சல். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதோடு விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் அம்பகரத்தூருக்குப் போன் போட்டு, "தம்பி, இந்த வருஷம் எங்கள்ட்ட எடம் இல்ல, வேற டீம் கேட்டா போயிரு" என்று சொல்லிவிட்டார். தான் இரண்டு மாதம் தொண்டை வறளப் பேசிய ஆளைத் தானே விட்டுக்கொடுத்தார். பிறகு லெஃப்ட் விங்கைப் பார்த்து, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீயும் அவனும் இங்க. கிட்ட நின்னு பத்து, தள்ளி நின்னு பத்து. நான் வந்து எண்ணுவேன்" என்றார்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அன்று கம்பெனியில் வேலை முடித்துப் பட்டினச்சேரிக்காரர் ஊருக்குப் போயிருந்தார். நான் பட்டினச்சேரிக்குப் போனபோது கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் அவரை விட்டபாடில்லை.

"என்னா மாப்ள, ஆட்டோவுக்கெல்லாம் பாஸு குடுத்தியாமே?"

"அடுத்த மேட்சுக்கு ரயிலுக்குக் குடுப்பான்."

என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என் வாழ்க்கையில் நான் கூலிக்காரனாக இருந்தபோதுகூட யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொண்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் கம்பெனி வைத்த பிறகும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவர்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன்.

"தப்பு இவன் மேல இல்ல. மணல்ல பாத்துட்டுத் தரையில எறக்குனது நான். ஒம் பேர எடுக்கமாட்டோம். காலையில ஆறு மணிக்கு வா."

அவர் சிரித்தார். "தரையில நான் ஸ்கூல்ல ஆடுனதுதான் மொதலாளி. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

எங்கள் இருவருக்கும் பொதுவான தப்பு என்று அவர் அதைப் பாதியாக்கிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எனக்கு அந்த வயதில் கிடையாது, இப்போதும் சந்தேகம்தான்.

ஐந்து நாள் காலையும் நான் போனேன். முதல் நாள் பந்து எல்லாம் வேலிக்கே போனது. இரண்டாம் நாளும் அப்படித்தான். நானா கடை திறப்பதற்கு முன் வந்து ஒரு தெர்மாஸ் நிறைய டீ வைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் பத்தில் நாலு காலடிக்குப் போய் நின்றது. கண்டக்டர் நாலு என்று கத்தியதில் பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. ஐந்தாம் நாள் ஏழு.

இரண்டாவது மேட்ச் அன்று பட்டியலில் கையெழுத்துப் போடப் பேப்பர் என்னிடம் வந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பதினெட்டுப் பேரையும் ஒவ்வொன்றாகப் படித்து, அவர் பேரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் இறங்கியதும் பழைய சிரிப்பு தொடங்கியது. முதல் பாஸ் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கோட்டுக்குள் நின்றது. அடுத்தது லெஃப்ட் விங்கின் காலுக்கு நேராகப் போனது. பையன்கள் மெல்ல அவருக்குப் பந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அவர் கொடுத்த ஒரு பந்தில் ஒரு கோல் போட்டோம், ஒன்று வாங்கினோம். ஆட்டம் சமம். ஊரில் யாரும் அதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அது போதும். படிக்கட்டில் அந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார ஆண்டவன் எனக்கு இடம் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்ச் முடிந்து அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம்தான் கேட்டார்.

"நாளைக்கும் ஆறு மணிதானங்க?"

"அஞ்சரைக்கு வா," என்றார் கண்டக்டர். "வலப்பக்கம் குடுக்குறது இன்னம் நீளமாத்தான் போவுது."